தூசிக்கும் உருவம் உண்டு!

நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அது புதிதல்ல. "கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும்" என்பார்கள் பெரியவர்கள். "அகல் வட்டம் பகல் மழை" என்று பழமொழியே இருக்கிறது.

அந்த வட்டம் எப்படி வருகிறது?

மிக உயரத்தில் மெல்லிய மேகம் படர்ந்திருக்கிறது. அங்கே கடுங்குளிர். நீர் அங்கே துளியாக இருப்பதில்லை. பனிக்கட்டித் துகளாக இருக்கிறது. ஒவ்வொரு துகளுக்கும் ஆறு பக்கங்கள். நாம் எழுதும் பென்சிலைப் போல!

நிலா வெளிச்சம் அந்த ஆறு பக்கத் துகளுக்குள் புகுந்து, வளைந்து, வெளியே வருகிறது. பெரும்பகுதி 22 டிகிரி அளவில் வளைகிறது. அதனால்தான் அந்தப் பெரிய வட்டம். கையை நன்றாக நீட்டி விரல்களை விரியுங்கள். கட்டை விரல் நுனியை நிலாவின் மேல் வையுங்கள். சுண்டு விரல் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடும்.

அதே நீர் உருண்டைத் துளியாக இருந்தால்?

அந்தப் பெரிய வட்டம் வராது. நிலாவை ஒட்டினாற்போல் சின்ன வளையம்தான் தெரியும். பகலில் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து, எதிரே மழை பெய்தால் வானவில் தோன்றும். வானவில்லுக்கு உருண்டைத் துளிதான் வேண்டும்.

தண்ணீர் ஒன்றுதான். உருவம் மாறியது. ஒளி போகும் பாதையும் மாறிவிட்டது!

வானத்துப் பனிக்கட்டியைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், நம் ஊர்த் தூசிதான். கும்மிடிப்பூண்டித் தூசி!

மூன்று புகார், மூன்று பதில்

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி இழுக்கும் ஆலைகளும், இன்னும் பல தினுசுத் தொழிற்சாலைகளும் அங்கே இருக்கின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அங்கேதான் பிழைப்பு. ஆகவே "ஆலைகளை இழுத்து மூடு" என்று எழுத நான் உட்காரவில்லை.

ஆனால், அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பேசிப் பாருங்கள். கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட முடியவில்லை என்பார்கள். குடத்து நீரை மூடாமல் வைக்க முடியவில்லை என்பார்கள். காலையில் கூட்டிய வாசலை மாலையில் மறுபடியும் கூட்டினால் முறம் நிறையக் கறுப்பு மண் வருகிறது என்பார்கள்.

"இது எங்கள் தூசி அல்ல. ரோட்டுப் புழுதி" என்கிறார் ஆலைக்காரர்.

"லாரிப் புகையாக இருக்கும்" என்கிறார் இன்னொருவர்.

"அது மூடுபனி, அம்மா!" என்கிறார் மூன்றாமவர்.

யார் சொல்வது உண்மை? கண்ணால் பார்த்தால் எல்லாம் தூசிதான். எடை போட்டாலும் எல்லாம் தூசிதான். ஆனால் உருவத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் ஊரையும் பேரையும் சொல்லிவிடும்! இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ரயிலில் ஒரு பிரயாணம்

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறுங்கள். ஜன்னல் ஓரமாக இடம் பிடியுங்கள்.

திருவொற்றியூர் தாண்டும்போது கடற்காற்று அடிக்கிறது. அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. அலை உடைந்து தெறிக்கும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகள் மேலே ஏறுகின்றன. வெயிலில் நீர் வற்றினால் உப்புப் படிகம் மிஞ்சும். அதன் உருவம் என்ன? தாயக்கட்டைபோல் சதுரக் கட்டி! காற்றில் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் போனால் அந்தக் கட்டி நீரை இழுத்துக் கரைந்து உருண்டைத் துளியாகிவிடுகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வது இதே காரணத்தால்தான். மத்தியானம் கட்டி, விடியற்காலையில் உருண்டை. ஒரே உப்புக்கு இரண்டு வேஷம்!

எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டுப் புதுநகர் வருகிறது. உயரமான புகைபோக்கிகள் தெரிகின்றன. வடசென்னை அனல் மின்நிலையமும் வல்லூர் அனல் மின்நிலையமும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நிலக்கரியை மாவாக அரைத்து உலைக்குள் ஊதி எரிக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல். உலையின் சூடு 1,300 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் கல்லும் மண்ணும்கூட உருகி, துளித் துளியாகப் பறக்கின்றன. காற்றில் பறக்கும் எந்தச் சிறு துளியும் உருண்டையாகத்தானே சுருண்டுகொள்ளும்? அப்படியே குளிர்ந்து இறுகிவிடுகிறது. ஆகவே, பறக்கும் சாம்பல் என்பது உண்மையில் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் கோலிக் குண்டுகள்! சில குண்டுகள் உள்ளே வெற்றாகவும் இருக்கும்.

(இந்தக் குண்டு உருவத்தால்தான் சாம்பல் கலந்த சிமெண்டுக் கலவை வழுக்கிக்கொண்டு நன்றாக ஓடுகிறது. கட்டட மேஸ்திரிகளுக்கு இது தெரியும். மூட்டையில் கட்டினால் காசு. காற்றில் விட்டால் இருமல்.)

புகைபோக்கிக்குப் போகும் வழியிலேயே மின்சாரத் தகடுகளால் சாம்பலைப் பிடித்துவிடுகிறார்கள். பெரும்பகுதி பிடிபடுகிறது. மிகச் சிறியவற்றில் கொஞ்சம் தப்புகிறது. பிடித்த சாம்பலைக் குளத்தில் கொட்டி, குளம் காய்ந்துபோனால், அங்கிருந்தும் காற்று அள்ளிக்கொண்டு போகிறது.

மீஞ்சூர், பொன்னேரி. வயல்கள். எங்கோ வைக்கோலோ குப்பையோ எரிகிறது. பக்கத்திலே கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு. லாரிகள் வரிசை வரிசையாகப் போகின்றன. இங்கே காற்றில் இருப்பது கரி. புதிதாக வந்த கரித்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் திராட்சைக் கொத்து தெரியும்! ஒவ்வொரு மணியும் தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்தாகவும் நூறாகவும் ஒட்டிக்கொண்டு கிளை விட்டுச் சங்கிலியாகத் தொங்கும். லாரிச் சக்கரம் கிளப்பும் புழுதியோ வேறு மாதிரி. அது உடைந்த கல். செக்குமாடு மிதித்த ஓடுபோல மூலைமுடுக்கும் கூர்மையுமாக இருக்கும்.

கவரைப்பேட்டை. பிறகு கும்மிடிப்பூண்டி. உலையில் இரும்பு உருகும்போது உலோகம் ஆவியாகிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் நுண்ணிய உருண்டைகளாகவும் கொத்துக்களாகவும் மாறுகிறது. அதில் இரும்புத் துரு கலந்திருப்பதால் புகை செங்காவி நிறமாகத் தெரியும். பழைய இரும்பில் துத்தநாகம் பூசிய தகடு இருந்தால் துத்தநாகமும் ஆவியாகும். துத்தநாகம் காற்றில் எரிந்தால் வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையில் ஒரு வினோத உருவம் உண்டாகும். நான்கு திசையிலும் நான்கு கால் நீட்டிய படிகம். அப்படியே நெருஞ்சி முள்!

பார்த்தீர்களா? ஒன்றரை மணி நேர ரயில் பிரயாணத்தில் தாயக்கட்டை, கோலிக் குண்டு, திராட்சைக் கொத்து, உடைந்த ஓடு, நெருஞ்சி முள் எல்லாம் வந்துவிட்டன. எல்லாவற்றையும் நாம் மூக்கு வழியாக இழுத்துக்கொண்டுதான் வந்தோம்.

பீடிப் புகை சொல்லும் பாடம்

இனி ஒளிக்கு வருவோம்.

மூங்கில் குச்சியில் எரியும் ஊதுவத்தியைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடியுங்கள். நுனியிலிருந்து எழும் புகை நீலமாகத் தெரியும். பீடி குடிக்கிறவரைப் பாருங்கள். பீடி நுனியிலிருந்து போகும் புகை நீலம். அவர் வாயிலிருந்து ஊதும் புகை வெள்ளை! ஏன்? வாய்க்குள் போன புகைத் துகள் ஈரத்தை ஏற்றிக்கொண்டு பருத்துவிட்டது.

ஒளி என்பது அலை. அதன் அலை நீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். துகள் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால், நீல ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும். சிவப்பைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேல்! வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். அங்கே சிதறடிப்பவை காற்றின் மூலக்கூறுகள். அவ்வளவு சிறியதற்கு உருவம் எப்படி இருந்தால் என்ன? பெரிய வித்தியாசம் இல்லை. கடலில் எறிந்த கடுகு உருண்டையா தட்டையா என்று அலை விசாரிக்காது.

துகள் ஒளி அலையின் அளவுக்கு வளர்ந்துவிட்டால் கதை மாறுகிறது. எல்லா நிறத்தையும் சிதறடிக்கும். வெள்ளையாகத் தெரியும். அப்போது உருவமும் கணக்குக் கேட்க ஆரம்பிக்கிறது.

துலக்கி வைத்த எவர்சில்வர் சொம்பை வெயிலில் வையுங்கள். ஓர் இடத்தில் மட்டும் பளிச்சென்று மின்னும். நசுங்கிய அலுமினியத் தட்டை வையுங்கள். பத்து இடத்தில் மின்னும். பக்கவாட்டில் நிற்பவர் கண்ணிலும் அடிக்கும். உருண்டைத் துகளுக்கும் கரடுமுரடான துகளுக்கும் ஏறக்குறைய இதே வித்தியாசம்தான். இரண்டும் வந்த ஒளியில் பெரும்பகுதியை முன்பக்கமாகவே தள்ளுகின்றன. முன்பக்கத்தில் பெரிய பேதம் இல்லை. பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும்தான் பேதம் வருகிறது. கரடுமுரடான புழுதி பக்கவாட்டில் அதிகமாகச் சிதறடிக்கும். வந்த வழியே நேராகத் திருப்பி அனுப்புவது குறைவு. உருண்டை அப்படி இல்லை. அது நேர் பின்னால் நன்றாகத் திருப்பி அனுப்பும்.

ஒளி முன்பக்கமாகத் தள்ளப்படுவதை நீங்களே பார்க்கலாம். காலையில் கிழக்குப் பார்த்து நின்றால் புகைமூட்டம் கண்ணைக் கூசும். திரும்பி மேற்கே பாருங்கள். "அவ்வளவு புகை இல்லையே!" என்று தோன்றும். காற்று ஒன்றுதான். நிற்கும் திசைதான் வேறு. ஆகவே புகாரைப் பார்வையிட வருகிற அதிகாரி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்!

ராமன் போட்ட பாதை

ஒளிச் சிதறல் நமக்கு அந்நியமான சாஸ்திரம் அல்ல. திருச்சியில் பிறந்து, சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சர் சி. வி. ராமன் இதற்காகத்தானே 1930-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்?

1921-ம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து 'நார்க்குண்டா' என்ற கப்பலில் அவர் திரும்பி வந்தார். கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலத்தைக் காட்டும் கண்ணாடிதான் கடல் என்று அதுவரை பெரிய பெரிய மேதைகள் சொல்லியிருந்தார்கள். ராமன் நம்பவில்லை. பையிலிருந்து ஒரு சிறிய பட்டகக் கண்ணாடியை எடுத்தார். அது, ஒரே திசையில் ஆடும் ஒளியை மட்டும் பிரித்துக் காட்டும் கண்ணாடி. அதன் மூலம் நீர்ப்பரப்பின் பளபளப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டுகொண்டார். ஏழு ஆண்டு கழித்து, 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பெரிய கண்டுபிடிப்பு வந்தது. அந்த நாளைத்தான் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம்.

உருண்டைத் துகள் ஒளியை எப்படிச் சிதறடிக்கும் என்று முழுக் கணக்கும் போட்டவர் குஸ்தாவ் மீ என்ற ஜெர்மானியர். அது 1908-ம் ஆண்டு. அருமையான கணக்கு. ஆனால் உருண்டைக்கு மட்டுமே பொருந்தும். பின்னால் வந்தவர்கள் பலர், வசதியாக இருக்கிறதே என்று எல்லாத் தூசியையும் உருண்டை என்றே வைத்துக்கொண்டார்கள். எலக்ட்ரான் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புழுதி உருண்டையே இல்லை! கம்ப்யூட்டர்கள் வலுவடைந்த பிறகுதான் கரடுமுரடான உருவங்களுக்கும் கணக்குப் போட முடிந்தது.

ராமன் கப்பலில் செய்த அதே வித்தையைத்தான் இன்று வானத்தில் செய்கிறார்கள். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கி என்ற ஊர் இருக்கிறது. தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக்கூடம் அங்கே இருக்கிறது. 1998-ம் ஆண்டு முதல் அங்கே 'லைடார்' என்ற கருவி வேலை செய்கிறது. ஜப்பானியர் ஒத்துழைப்புடன் வைத்தது. இரவில் பச்சை லேசர் ஒளியை வானத்தை நோக்கிப் பாய்ச்சுவார்கள். துகள்களில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை அளப்பார்கள்.

இதில் சூட்சுமம் என்ன? கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறு முனையை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அலை மேலும் கீழுமாகத்தான் போகும். அதுபோல, ஒரே திசையில் ஆடும் ஒளியை அனுப்புகிறார்கள். உருண்டைத் துளியில் பட்டால் அது அதே ஆட்டத்துடன் திரும்பி வருகிறது. கரடுமுரடான துகளில் பட்டால் பக்கவாட்டு ஆட்டமும் சேர்ந்து வருகிறது! அவ்வளவுதான். மேலே போய்த் தொட்டுப் பார்க்காமலே, அங்கே இருப்பது துளியா, பனிக்கட்டியா, புழுதியா என்று சொல்லிவிடலாம். 2006-ம் ஆண்டிலிருந்து 2023-ம் ஆண்டு வரை, அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அனுப்பிய 'காலிப்சோ' என்ற செயற்கைக் கோள் இதே முறையில் உலகத்தின் தூசி முழுவதையும் அளந்தது.

இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு வித்தை இருக்கிறது. கும்மிடிப்பூண்டித் தூசிக்கு அதனால் என்ன பயன்? இதுதான் என் கேள்வி.

எடை மட்டும் போதுமா?

இன்று நாம் தூசியை எடை போட்டுத்தான் அளக்கிறோம். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று பார்க்கிறோம். 2009-ம் ஆண்டு வகுத்த தேசிய விதிப்படி, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி ஒரு நாள் சராசரியில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. பத்து மைக்ரான் வரை உள்ள தூசி 100-ஐத் தாண்டக்கூடாது. 2.5 மைக்ரான் என்றால் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

எடை அவசியம். நான் மறுக்கவில்லை. நுரையீரலில் எவ்வளவு ஆழம் போகும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது துகளின் அளவு. எவ்வளவு விஷம் என்பதைத் தீர்மானிப்பதில் அது எதனால் ஆனது என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. உருவம் ஒன்றே எல்லாம் என்று சொன்னால் அது பொய்.

ஆனாலும் உருவத்தை அலட்சியம் செய்ததால் உலகம் பட்ட பாட்டை மறக்கலாமா? கல்நார் என்ற ஆஸ்பெஸ்டாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது பல உயிர்களைக் குடித்ததற்கு முக்கிய காரணம் அதன் உருவம்தான். நீளமான, மெல்லிய நார். நுரையீரலில் குத்திக்கொண்டால் வெளியே வராது. எடை போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது!

இன்னொரு விஷயம் இருக்கிறது. இப்போது சில ஆயிரம் ரூபாயில் சின்னப் பெட்டிகள் வருகின்றன. வீட்டில் மாட்டலாம். பள்ளிக்கூடத்தில் மாட்டலாம். நம்பர் காட்டும். ஊர் இளைஞர்கள் வாங்கி மாட்டி, "இன்று 180, நேற்று 210" என்று கூட்டத்தில் சொல்கிறார்கள். நல்ல முயற்சி. அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பெட்டி தூசியை எடை போடுவதில்லை. உள்ளே சின்ன லேசர் விளக்கு இருக்கிறது. தூசி அதைக் கடக்கும்போது பக்கவாட்டில் சிதறும் ஒளியை அளந்து, எடை இவ்வளவு இருக்கும் என்று ஊகம் செய்கிறது.

பக்கவாட்டு ஒளி! உருவத்தால் அதிகம் மாறுவது அந்தப் பக்கவாட்டு ஒளிதான் என்று மேலே பார்த்தோம் அல்லவா?

மார்கழிக் காலையில் உப்புத் துகள் நீர் குடித்து உருண்டையாகப் பருத்திருக்கும். பெட்டி கூட்டிச் சொல்லும். லாரி வரிசையில் கரிப்புகை மூச்சை முட்டும். கரி ஒளியைச் சிதறடிப்பதைவிட விழுங்குவதே அதிகம். துகளும் மிகச் சிறியது. பெட்டி குறைத்துச் சொல்லும். ஆகமொத்தம், ஆபத்து குறைந்த நேரத்தில் அபாயச் சங்கு! ஆபத்து மிகுந்த நேரத்தில் தாலாட்டு!

பிறகு என்ன நடக்கிறது? ஊரார் நம்பரைக் காட்டுகிறார்கள். "உங்கள் பெட்டி மூடுபனியைத் தூசி என்கிறது" என்று எதிர்த்தரப்பு சிரிக்கிறது. பாதி நியாயம் அவர்கள் பக்கம் போய்விடுகிறது. நியாயமான புகாரும் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. இதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

மூடுபனிக்காரருக்கும் ஒரு வார்த்தை. வெறும் மூடுபனி என்பது தொழிற்பேட்டையில் கிடையாது. துளி உண்டாவதற்கு நடுவில் ஒரு துகள் வேண்டும். அந்தத் துகள் உப்பாகவும் இருக்கலாம், கந்தகப் புகையிலிருந்து பிறந்ததாகவும் இருக்கலாம். திராட்சைக் கொத்துப்போல் இருந்த கரியும் ஈரக் காற்றில் கந்தகச் சத்தைப் பூசிக்கொண்டு சுருங்கி உருண்டையாகிறது. அதற்குப் பிறகு அது வெயிலை முன்னைவிட அதிகமாக விழுங்குகிறது. ஆக, பனியைத் திட்டிப் பயன் இல்லை. பனிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

2018-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, போகிப் பண்டிகை. சென்னையில் பழைய பாயும் டயரும் எரிந்த புகையும் விடியற்காலைப் பனியும் ஒன்றாகக் கலந்தன. விமானங்கள் இறங்க முடியவில்லை. பலவற்றை வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள். புகை இல்லாமல் பனி மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு ரகளை வந்திருக்குமா?

நம்மவர் ஒருவரின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்து அமெரிக்கா போனவர் வீரபத்ரன் ராமநாதன். 1999-ம் ஆண்டு அவரும் பால் குருட்சனும் தலைமை தாங்கி இந்து மகாசமுத்திரத்தின்மேல் பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். விமானமும் கப்பலும் செயற்கைக் கோளும் அதில் கலந்துகொண்டன. குளிர்காலத்தில் நம் கரைகளிலிருந்து பழுப்பு நிறப் புகைப்படலம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலின்மேல் பரவுகிறது என்று உலகத்துக்குக் காட்டினார்கள். உப்பும் சாம்பலும் கரியும் அந்தப் படலத்தில் சேர்ந்தே இருந்தன. கரி வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்கியது. மற்றவை வெயிலைத் திருப்பி அனுப்பித் தரையைக் குளிர்வித்தன.

என்ன செய்யலாம்?

முதலில், சர்க்கார் நிலையங்களில் தூசி படிந்த வடிதாள்களைச் சும்மா எறிந்துவிடக் கூடாது. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், மணலி மூன்று இடத்திலிருந்தும் மாதத்துக்கு ஒரு தாளாவது எலக்ட்ரான் பூதக்கண்ணாடிக்குப் போகட்டும். சென்னையில் பல்கலைக்கழகங்களிலும் ஐ.ஐ.டி.யிலும் அந்தக் கருவி இருக்கிறது. மணலியின் பெயர் 2009-ம் ஆண்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் மத்தியப் பட்டியலில் வந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்த ஊர்க்காரர் ஒருவர்கூடத் தாம் மூச்சிழுக்கும் தூசியின் படத்தைப் பார்த்திருப்பாரா? நிச்சயம் இல்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ரயில் நிலையத்திலும் பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்டட்டும். கண்ணாடிக் குண்டு நிறைய இருந்தால் நிலக்கரி உலையைக் கேட்கலாம். உடைந்த கல் நிறைய இருந்தால் ரோட்டைப் போடாதவரைக் கேட்கலாம். திராட்சைக் கொத்து நிறைய இருந்தால் லாரியையும் குப்பை எரிப்பவரையும் கேட்கலாம். ஆலைக்காரருக்கும் இது நல்லதுதானே? அவர் தூசி இல்லை என்றால் படமே அவருக்குச் சாட்சி.

சின்னப் பெட்டிகளையும் தள்ள வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெட்டியைச் சர்க்கார் நிலையத்தின் பக்கத்திலேயே சில மாதம் வைத்து, எடைக் கருவியுடன் ஒப்பிட்டுத் திருத்தம் கண்டுபிடிக்கட்டும். மார்கழிக்கு ஒரு திருத்தம், சித்திரைக்கு ஒரு திருத்தம். தராசுக்கு முத்திரை போடுகிறோம். மூச்சுக்காற்றின் தராசுக்குப் போடக் கூடாதா?

"இதற்கெல்லாம் செலவு ஆகுமே!" என்பார்கள். ஆகும். ஆனால் பெரிய செலவு அல்ல. பூதக்கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. வடிதாளும் இருக்கிறது. இரண்டையும் சந்திக்க வைக்க ஒரு கடிதமும் ஓர் ஆளும் போதும். லைடார் வாங்கத்தான் பணம் வேண்டும். அது பிறகு வரட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. போன தை மாதம் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு.

"மாமா, எங்கள் ஸ்கூலில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. அதில் தூசி தெரியுமா?" என்று கேட்டான்.

"பெரிய தூசி தெரியும்டா. ஒட்டுகிற டேப் இருந்தால் கொண்டுவா" என்றேன்.

ஜன்னல் விளிம்பில் டேப்பை அழுத்தி எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டினோம். வாத்தியாரிடம் அனுமதி வாங்கி, 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தான். பெரும்பாலும் உடைந்த கல். நடுநடுவே கறுப்புப் பொடி. ஐந்தாறு இடத்தில், நடுவில் ஒளிப்புள்ளி மின்னும் உருண்டைக் கண்ணாடி மணிகள். மீதித் தூசியைக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினோம். கறுப்புப் பொடியில் ஒரு பங்கு எழுந்து நின்று காந்தத்தின் பின்னாலேயே ஓடியது!

அது எந்த ஆலையினுடையது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வீட்டு ஜன்னல் கோர்ட்டில் சாட்சி ஆகாது. ஆனால் பையனின் அம்மா அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தினமும் துடைக்கிறேன். இதுதானா அது?" என்று கேட்டார்.

இப்போது அந்தப் பையனின் வகுப்பில் பன்னிரண்டு வீடுகளிலிருந்து டேப்புகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் தெருப் பெயரும் தேதியும் எழுதி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.